முப்பது நாளுக்கு மேற்பட்டவை

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் அழிக்கப்பட்டன என்று திரையில் வந்ததும் முகுந்தன் முதலில் பெருமைப்பட்டான். கோப்பியை ஒரு வாய் குடித்த பிறகுதான் இடித்தது. இருநூற்றுக்கு மேல் போக வழியே இல்லை.

"என்னா முகுந்தன், காலங்காத்தால சிரிப்பு?" வரவேற்பு மேசையிலிருந்து தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"நாலாயிரம்க்கா. ஒரே தட்டு."

"நாலாயிரம் என்னா?"

"குப்ப."

"அப்ப நல்லதுதானே?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பகா டவுனுக்கு வெளியே, செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது அந்த வட்டார ஆபிஸ். கம்பெனியின் எட்டுத் தோட்டங்களுக்கும் மெயில் அங்கிருந்துதான். பழைய உர ஸ்டோரில் பாதியைத் தடுத்து, ஏர்கோன் மாட்டி, சர்வரை உள்ளே வைத்திருந்தார்கள். உர வாடை இன்னும் போகவில்லை. அந்த அறைக்கு முகுந்தன்தான் எல்லாம்.

மெயில் சர்வர் தன்பாட்டுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். யார் யாருக்கு அனுப்பினார், எத்தனை மணிக்கு, போய்ச் சேர்ந்ததா, திரும்பி வந்ததா என்று வரிவரியாக. அதற்குப் பெயர் லாக். ஒருவரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் அது வளரும். வளர்ந்து டிஸ்க்கை நிரப்பினால் எட்டுத் தோட்டத்திலும் மெயில் நின்றுபோகும். எட்டு மானேஜர்களும் ஒரே நேரத்தில் போன் அடிப்பார்கள். அதனால் ஆறு வருடமாக, தினமும் காலையில், பழைய லாக்குகளைத் தேடித் தேடிக் கையால் அழித்தான் முகுந்தன். ஒரு நாள் விட்டதில்லை. டிங்கிக் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட தனலெட்சுமியைச் சர்வர் முன்னால் உட்கார வைத்து, போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி அழிக்க வைத்தான்.

நேற்று அதற்கு முடிவு கட்டினான். பதினோரு வரியில் ஒரு ஸ்க்ரிப்ட். பெயரில் 'லாக்' என்று இருந்து, முப்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தால் அழி. தினமும் காலை ஏழு மணிக்குத் தானாக ஓடு. அழித்த கணக்கைத் திரையில் காட்டு. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காதே, எப்படி இருந்தாலும் அழி என்றும் சேர்த்திருந்தான். அந்தக் கடைசி வரியை எழுதி முடித்தபோது தன் முன்யோசனையை எண்ணி அவனுக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தலைமை ஆபிசிலிருந்து மயூரி இன்று வருகிறார். ஆள் சேர்ப்பு, ஆள் நீக்கம் எல்லாவற்றுக்கும் அவர்தான் மேலே. முகுந்தனின் பெயர் ஆறு வருடமாக ஓல்ட் கிளென் தோட்டத்துச் சம்பளப் பேரேடான செக்ரோலில், கூலி ஆட்களோடு இருந்தது. அவன் சேர்ந்த அன்று அங்கேதான் ஓர் இடம் காலியாக இருந்தது, புல்வெட்டுகிற ஆளுக்கு. காகிதத்தில் முகுந்தன் இன்னும் புல் வெட்டிக்கொண்டிருக்கிறான். தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்ன வேலை என்று கேட்டபோது, அம்மா "கொம்பியூட்டர்ல ஏதோ வெட்டுறான்" என்று சொல்லிச் சமாளித்தார். மயூரி சர்வர் அறையைப் பார்த்துத் திருப்திப்பட்டால், கையோடு நிரந்தர ஸ்டாஃப் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். அப்படித்தான் போனில் சொல்லியிருந்தார்.

அழித்தவற்றின் பட்டியலைத் திறந்தான் முகுந்தன். முதல் இருநூறு வரி சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியிலும் ஒரே ஃபோல்டரின் பெயர், மூன்று பெரிய எழுத்துகளில். எல், ஓ, ஜி.

கம்பெனி எல்லாத் தோட்டத்தையும் மூன்றெழுத்தாகச் சுருக்கி வைத்திருந்தது. தோட்டத்துக்கு மலாயில் லாடாங்; அதில் தொடங்கி, பிறகு வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர். ஸ்க்ரிப்டுக்கு லாக் என்று தெரிந்தது லாடாங் ஓல்ட் கிளென். எல், ஓ, ஜி.

"அலமா," என்றான் முகுந்தன்.

ஒரு தோட்டத்தின் மொத்த மெயிலையும், போன மாதத்தை மட்டும் விட்டுவிட்டு, அவனுடைய பதினோரு வரி பெருக்கித் தள்ளியிருந்தது. பழைய மெயில்களை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. மயூரி வந்ததும் பார்க்கப்போகிற முதல் விஷயமே அதுதான்.

அந்த நேரம் பார்த்து ஓல்ட் கிளெனிலிருந்து போன் வந்தது. கிராணி பிரேமநாதன். முப்பத்தொரு வருடமாக ஆபிஸ் கணக்கு எழுதுகிறவர். மெயில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறவர். அவசரம் என்றால் மனுஷன் போனில் கூப்பிடுவான் என்பது அவர் கொள்கை.

"முகுந்தன், இன்றைக்கு அந்த அம்மா வாறாவாம் என்று மெயிலைத் திறந்து பார்த்தன்."

"சொல்லுங்க ஐயா."

"கிட்டத்தட்ட காலியாய்க் கிடக்குது."

"ஐயா, அது வந்து..."

"மிச்சம் எல்லாம் நான் முடிச்சிட்டன் போல. எனக்கே தெரியேல்ல. இவ்வளவு சுத்தமாய் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நல்லா இருக்குது."

"ஐயா, கொஞ்ச நேரத்துல மெயில் வரும். நெறய வரும். வந்தா தொறந்து பாத்துருங்க. படிக்காம கெடந்தா அந்தம்மா கேப்பாங்க."

"எல்லாத்தையுமா?"

"முக்கியமானத மட்டுமாச்சும்."

"சரி, பஞ்சாலையிட்டச் சொல்லி அச்சடிச்சு எடுக்கிறன். ஒன்றையும் விட மாட்டன். பார்த்துக்கொள்ளுங்கோ."

பஞ்சாலை அந்த ஆபிசில் தேநீர் போடுகிற, காகிதம் அச்சடிக்கிற, சாவி வைத்திருக்கிற பெண்மணி.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த நகல் முகுந்தனிடம் இருந்தது. அழிந்த மெயில்களை ஒவ்வொன்றாக அதனதன் பெட்டியில் அடுக்கினால் மத்தியானம் ஆகிவிடும். அவனுக்கு அதைவிட நல்ல யோசனை வந்தது. மொத்தத்தையும் சர்வரின் வாசலில் கொட்டினால், சர்வரே பிரித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிடும். கொட்டினான். பதினோரு நிமிடத்தில் நாலாயிரத்துச் சொச்சமும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தன. ஸ்க்ரிப்டையும் திருத்தினான்.

"முடிஞ்சுதா?" என்றாள் தனலெட்சுமி.

"பதினோரு வரில அழிஞ்சது, பதினோரு நிமிசத்துல வந்துருச்சுக்கா. வேற யாரா இருந்தாலும் ஓடிருப்பான்."

நாற்காலியில் சாய்ந்து இரண்டாவது கோப்பியைக் குடித்தான். இப்படி ஒரு வேலையை எட்டுத் தோட்டத்தில் எவன் செய்வான் என்று நினைத்துக்கொண்டான். ஒருவனும் செய்யமாட்டான் என்பது உண்மைதான்.

ஒன்பது மணிக்கு, ஓல்ட் கிளெனில் வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் ஆறுமுகம் கூப்பிட்டார்.

"தம்பி, கிராணிக்கு என்னாமோ ஆயிப்போச்சு லா. செம்பன கொல வெட்டுறத விட்டுட்டு எல்லாரும் மண்வெட்டி தூக்கிட்டு வாங்கங்கறாரு. மண்டபத்துக்குப் பின்னால சாக்கட வெட்டணுமாம். எல்லாரும் சேந்து செய்யற கோத்தோங் ரோயோங்காம். தல ஆபிஸ் உத்தரவாம்."

முகுந்தனுக்கு அந்த மெயில் ஞாபகம் இருந்தது. கொசு ஒழிப்பு மாதத்தில் வந்தது. மூன்று வருடம் இருக்கும்.

அப்போதுதான் புரிந்தது. வாசல் வழியாகப் போன எல்லா மெயிலும் இன்று காலை வந்த மெயிலாகப் போயிருக்கிறது. பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் மேலே இன்றைய தேதி. அதுவும் என்றைக்குமே மெயில் படிக்காத ஒரு மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஓல்ட் கிளெனுக்குப் போன் அடித்தான். பிரேமநாதன் எடுக்கவில்லை. பஞ்சாலைதான் எடுத்தாள்.

"ஐயா பிசியா இருக்காரு தம்பி. 'உத்தரவு'ன்னு தலப்பு இருக்கறத மட்டும் பிரிண்ட் எடுக்கச் சொன்னாரு. அறுபத்தேழு வந்திருக்கு. ஒண்ணொண்ணா படிச்சி, செய்யவேண்டியதச் செஞ்சி, டிக் போட்டுக்கிட்டு இருக்காரு. மனுசன் மொகத்துல ஒரு ஒளி வந்திருக்கு போ."

"அக்கா, அத நிறுத்தச் சொல்லுங்க."

"நான் சொல்லி அவரு எப்ப கேட்டாரு? மெயில் போடு. இன்னிக்கு மெயில்தான் கேக்குறாரு."

போட்டான். 'இன்று காலை வந்த மெயில்களைப் பொருட்படுத்த வேண்டாம்.' இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. பிரேமநாதன் எழுதிய முதல் மெயில் அதுவாகத்தான் இருக்கும். 'தங்கள் மெயில் கிடைத்தது. அதில் உத்தரவு என்ற தலைப்பு இல்லை. தலைமை ஆபிஸ் உத்தரவுகளுக்கே முதலிடம் கொடுக்கப்படும். நன்றி.'

இதற்கிடையில் ஆறுமுகம் மறுபடி கூப்பிட்டார். பின்னால் ஒரே சத்தம்.

"தம்பி, நல்லசாமிய வரச்சொல்லிட்டாரு."

"எந்த நல்லசாமி?"

"பழைய மண்டோர் லா. அவருக்கு இன்னிக்கு பத்து மணிக்குப் பிரியாவிடையாம். மால வாங்கியாச்சு."

"அவரு போயி நாலு வருசம் ஆச்சேண்ணே!"

"ஆமா. மகன் மோட்டார்ல வந்து எறங்கிட்டாரு. வேட்டி சட்டையோட. போன தடவ பேசுறதுக்கு நேரம் குடுக்கலன்னாராம், இந்தத் தடவ எழுதியே கொண்டாந்திருக்காரு."

முகுந்தன் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஒரு முடிவுக்கு வந்தான். தலைப்புதானே வேண்டும்? 'அவசர உத்தரவு' என்று கொட்டை எழுத்தில் தட்டினான். உள்ளே நீளமாக எழுத நேரமில்லை. 'எல்லாவற்றையும் உடனே நிறுத்தவும்.' அனுப்பினான்.

இதுவும் அவனுக்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

பிரேமநாதன் எல்லாவற்றையும் நிறுத்தினார். குலை வெட்டுவதை நிறுத்தினார். ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குத் தண்ணீர் போகிற பம்பை நிறுத்தினார். எடை மேடையை நிறுத்தினார். பழ லோரி டிரைவருக்குப் போன் போட்டு, எங்கே இருக்கிறாயோ அங்கேயே நிறுத்து என்றார். அவன் அப்போது தோட்டத்து மெயின் ரோட்டில் லோரியைத் திருப்பிக்கொண்டிருந்தான். பாதித் திருப்பத்தில் ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, மர நிழலில் உட்கார்ந்துவிட்டான். உத்தரவு உத்தரவுதான்.

தலைமை ஆபிஸ் இருக்கிற சிரம்பானிலிருந்து வட்டார ஆபிசுக்கு வருகிற ரோடு அது ஒன்றுதான்.

"முகுந்தன்," என்றாள் தனலெட்சுமி, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "மயூரியம்மா லைன்ல. ஓல்ட் கிளென்ல லோரி குறுக்க நிக்கிதாம். ஓரமா ஒரு ஆள் மாலையோட நிக்கிறாராம். அதுக்கப்புறம் நாப்பது பேர் மண்வெட்டியோட நிக்கிறாங்களாம். போலிஸக் கூப்புடணுமான்னு கேக்குறாங்க."

"வேணாம்னு சொல்லுங்க. நான் வந்துட்டேன்னு சொல்லுங்க."

"நீ இங்கதானே நிக்கிற?"

அவன் அதற்குள் மோட்டார் சைக்கிளில் இருந்தான்.

வழி முழுக்க ஒன்றையே யோசித்தான். நடந்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஸ்க்ரிப்ட் ஒரு தோட்டத்தை அழித்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் மயூரியின் பைலில் இருக்கிற கடிதம் பைலிலேயே இருக்கும். மறுபடி காகிதத்தில் புல் வெட்ட வேண்டும். இன்னும் ஆறு வருடம்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மயூரி காரைவிட்டு இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது, நரைத்த குட்டை முடி, கையில் நீலப் பைல். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாவற்றையும் நிறுத்தியதால் அவர்களுக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவர்களுக்குப் பின்னால் பாதி வெட்டிய சாக்கடை, அப்பழுக்கில்லாமல், நூல் பிடித்த மாதிரி.

வரிசையின் கடைசியில் நல்லசாமி. மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மயூரியைப் பார்த்தார். பிறகு மாலையைப் பார்த்தார்.

"எனக்குப் போன தடவையே போட்டாச்சு தாயி," என்று சொல்லி அதை மயூரியின் கழுத்தில் போட்டுவிட்டார்.

எல்லாரும் கை தட்டினார்கள்.

மயூரி தோட்டத்து ஆபிஸ் வாசலில் வந்து நின்றார். கழுத்தில் மாலை, முகத்தில் என்னவென்று சொல்ல முடியாத ஒரு பார்வை. பிரேமநாதன் காகிதக் கட்டோடு வந்து நின்றார். ஒவ்வொரு காகிதத்திலும் சிவப்பு டிக்.

"இதெல்லாம் யார் சொல்லி நடந்தது?" என்று கேட்டார் மயூரி.

"நீங்கள் சொல்லித்தான் அம்மா."

"நானா?"

"தலைமை ஆபிஸ் என்றால் நீங்கள்தானே? மெயில் வந்தது. வந்ததைச் செய்தோம். அறுபத்தேழு உத்தரவு வந்தது, நிறுத்தச் சொல்லி ஒன்று வராமல் இருந்தால் மதியத்துக்குள்ளே முடிச்சிருப்பம்."

முகுந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

மயூரி சாக்கடையைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், டிக் போட்ட கட்டை வாங்கி மேலே இருந்த இரண்டு தலைப்பைப் புரட்டினார்; இரண்டும் அவர் எழுதியவை, இன்றைய தேதியோடு.

"இருபது வருசமா எட்டுத் தோட்டத்துக்கும் எழுதிறன். பதில் ஒன்று வந்ததில்லை. வாசிச்சியளோ என்று கேட்டால், மெயில் வரேல்ல என்று சொல்லுவினம். முதல் தடவையா ஒரு தோட்டம், சொன்னதைச் சொன்ன அன்றைக்கே செய்யுது." அவர் அந்தக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இங்கே மட்டும் எப்படி?"

பிரேமநாதன் நியாயமான மனிதர். கையை நீட்டி முகுந்தனைக் காட்டினார். "இந்தப் பிள்ளைதான். காலையிலேயே போனில், ஒன்றும் விடாமல் வாசிக்கச் சொன்னார்."

நாற்பது மண்வெட்டிகளும் முகுந்தன் பக்கம் திரும்பின. அவன் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. அதை அவனால் தடுக்க முடியவில்லை.

"சர்வரைப் பார்க்கிறது நீங்கள்தானா?"

"ஆமாங்கம்மா. இப்ப எல்லாம் தானா நடக்குது. பழைய லாக் முப்பது நாளானா தானா அழிஞ்சிரும். டிஸ்க் இனிமே நெறயாது. பதினோரு வரிதான் எழுதுனேன்."

"மெயில்கள்? ஏழு வருசத்து மெயிலும் இருக்க வேணும். பழசு ஒன்றும் அழியேல்லயே?"

"ஒண்ணு விடாம இருக்கும்மா," என்றான் முகுந்தன். இப்போது அது சத்தியமான உண்மை. "இன்னிக்குக் காலைலகூட மொத்தத்தையும் பாத்தேன்."

"அப்ப அங்கே வந்து நான் என்ன பார்க்கிறது? எல்லாம் இங்கேயே தெரியுதே." மயூரி உள்ளே போய் நீலப் பைலை பிரேமநாதனின் மேசையில் வைத்துத் திறந்தார். கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம். நிரந்தர ஸ்டாஃப். மேலே அவன் முழுப் பெயர். "ஒழுங்கான ஆளை ஆறு வருசமா புல்வெட்ட விட்டிருக்கினம். வெட்கக்கேடு."

பேனாவின் மூடியைக் கழற்றினார்.

வாசலில் யாரோ விசில் அடித்தார்கள். நல்லசாமி தன் உரையை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார். ஆறுமுகம் முகுந்தனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இனிமேல் யாராவது என்ன வேலை என்று கேட்டால் அம்மா சமாளிக்க வேண்டியதில்லை என்று முகுந்தன் நினைத்தான். ஒரு காலைப்பொழுதில் ஒரு தோட்டத்தையே அழித்து, திரும்பக் கொண்டுவந்து, அதற்கு மாலையும் கைதட்டலும் வாங்கியவன் இந்த நாட்டில் வேறு எவன் இருக்கிறான்?

உள்ளறையில் அச்சு இயந்திரம் நின்றது. பஞ்சாலை ஒரு காகிதத்தை மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்துக்கொண்டே வந்து, பேனா காகிதத்தில் படுவதற்குள் அதை மயூரியின் முன்னால் வைத்தாள்.

"அம்மா, இதுதான் அறுபத்தேழாவது; உள்ள தேதியப் பாத்தா, காலைலேருந்து நான் பிரிண்ட் எடுத்த மத்த காயிதம் மாதிரியே இதுவும் பழசுதான் போல, இந்தத் தம்பியயும் புல்லு வெட்டுற ஆளுங்களோட சேத்து ரெண்டு வருசத்துக்கு முந்தியே வேலய விட்டு நிப்பாட்டச் சொல்லிட்டீங்களாமே!"